அண்ணன் அழுத பக்கம்

பகலெல்லாம் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துவாள்; விடிகாலையில் நாவல் எழுதுவாள். கல்யாணமான நாளிலிருந்து இதுதான் அவள் பிழைப்பு. எழுதியதை அவளாகத் திரும்பப் படிப்பதில்லை. கணவர் வாய்விட்டுப் படிப்பார். அவள் அடுப்பைப் பார்த்தபடி கேட்பாள். அவர் குரல் தடுக்கும் இடத்தைப் பென்சிலால் அடித்துவிடுவாள். வாக்கியம் சரியில்லை என்று எண்ணம். இருவரும் அதைப் பேசிக்கொண்டதே இல்லை.

அவர் இறந்துபோன பிறகு அவரைப் பற்றியே ஒரு நாவலை முடித்தாள். எதை வேண்டுமானாலும் எழுதலாம், கேட்க ஆளில்லை. அதனாலேயே ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவினாள். மனசு கேட்காமல் நாத்தனாருக்கு போன் போட்டு, அச்சுக்குப் போகப்போகிறது என்று சொல்லி, அதில் வரும் ஒரு சம்பவத்தையும் சொல்லித் தொலைத்தாள்.

மறுநாளே வந்து நின்றாள் நாத்தனார்.

"வேலை போன அன்னிக்கு அண்ணன் குளியலறையில குழாயத் திறந்துவிட்டுட்டு அழுதாருன்னு ஊருக்கே சொல்லணுமா அண்ணி? வேற கதையே கிடைக்கலையா?"

"கதையில்லடி. நடந்தது."

"என் மாமியார் கையில கிடைச்சா நான் செத்தேன். அது ஜென்மத்துல புத்தகம் படிச்சதில்ல. இத மட்டும் கண்ணாடி போட்டுக்கிட்டுப் படிக்கும்."

"நம்ம கடைக்கே கூட்டிட்டு வா. நல்ல லென்ஸா போட்டுத் தரேன்."

"விளையாடாதீங்க. அந்தப் பக்கத்த எடுத்துடுங்க."

இவள் நாவலின் தாள்களை நாத்தனாரிடம் நீட்டினாள். "வாய்விட்டுப் படி. எங்கயாவது தடுக்கினா எடுத்துடறேன்."

நாத்தனார் கோபத்தில் கடகடவென்று படித்தாள். 'குழாய் நின்ற பிறகும் அவர் வெளியே வரவில்லை' என்ற இடத்தில் குரல் நின்றுபோனது.

பென்சிலோடு திரும்பியவள் அந்த முகத்தைப் பார்த்தாள். வாக்கியத்தில் ஒரு குறையும் இல்லை. அப்படியானால் இத்தனை வருடம் அவர் தடுக்கிய இடமெல்லாம்? எழுத்து நொண்டியதா, அவருக்கு வலித்ததா? எத்தனை பக்கங்களை அடித்துத் தள்ளியிருக்கிறாள்! கேட்கலாமென்றால் அவர் இல்லை.

"தடுக்கிட்டேன்ல? அடிங்க அண்ணி."

"மாட்டேன்."

"இப்பத்தானே சொன்னீங்க!"

"சொன்னேன். முடியல."

நாத்தனார் தாள்களை மேஜைமேல் போட்டுவிட்டுப் போய்விட்டாள். போயிட்டு வரேன் என்றுகூடச் சொல்லவில்லை.

திங்கட்கிழமை அந்தப் பக்கத்தோடு நாவல் பதிப்பாளர் கைக்குப் போனது. பதிப்பகத்து வாசலிலேயே நின்று நாத்தனாருக்கு போன் செய்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. நிறுத்திவிட்டு மறுபடி அடித்தாள்.