சுவரோரம் ரெண்டு பேர்

"ஏற்கெனவே பெருசாயிடுச்சு. அதை எதுக்குடா இன்னும் ஊதுற? வெடிச்சிடப் போவுது!"

இங்கிலீஷ் டீச்சர் ஆயுசு பூரா பொலம்பின பொலம்பல் இது. ‘பிக்கர்’னாலே இன்னும் பெருசுன்னுதான் அர்த்தம். அதுக்கு முன்னாடி எந்தப் பிள்ளையாவது ஒரு ‘மோர்’ ஒட்டிட்டாப் போதும், டீச்சருக்கு மூக்கு வெடைச்சுக்கும், கண்ணாடி நழுவும். மூச்சு வாங்குற எடம் உட்பட டீச்சரோட சின்ன மகளுக்கு இது அத்துப்படி. அடுப்படியில நின்னுகிட்டு அம்மா கொரல்லயே எடுத்து விடுவா. ஹால்ல டியூஷன் பசங்க எது நெஜ டீச்சர்னு தெரியாம முழிக்கும்.

ஹால்தான் வகுப்பு. ரெண்டு பெஞ்சு, ஒரு போர்டு, முனகிக்கிட்டே சுத்துற ஃபேன். ஒண்ணோட ஒண்ணை ஒப்பிடுற பாடம் வந்தா டீச்சர் பேனா பென்சிலைத் தேட மாட்டாங்க. "ஏய், ரெண்டு பேரும் வாங்கடி"ன்னு ஒரு சத்தம். பெரியவளும் சின்னவளும் சுவரோரமா வந்து நிக்கணும். ஆளைப் பாத்துப் படிச்சா மறக்காதாம். பசங்க அந்த ரெண்டு பேருக்கும் சேர்த்து வெச்ச பேரு தராசு.

குட்டி வார்த்தைக்குப் பின்னாடி ‘அர்’னு வாலை ஒட்டு, நீள வார்த்தைக்கு முன்னாடி மோரை வை. பாடம் அவ்வளவுதான். ரொம்ப வருஷம் நின்ன பெறகுதான் சின்னவளுக்கு ஒண்ணு ஒறைச்சது. குட்டி வார்த்தையெல்லாம் தன் தலையில. ஷார்ட்டர், ஸ்லோவர், லேசியர். நீளமானதெல்லாம் அக்காவுக்கு. மோர் பியூட்டிஃபுல், மோர் இன்டெலிஜென்ட். பெஞ்சு மொத்தமும் கோரஸா கத்தும். அவளும் சேர்ந்து கத்துவா, அதுவும் அம்மா கொரல்ல. எல்லாரும் சிரிப்பாங்க. சிரிக்கிறவங்களுக்கு அவ மூஞ்சி எங்க தெரியும்?

அக்கா படிச்சு, கடல் தாண்டிப் போயிட்டா. சின்னவ பஸ் ஸ்டாண்டு பக்கம் சலவைக் கடை போட்டு, அங்கேயே மாடியில குடியேறினா. அம்மா வீட்டுப் பக்கம் தலை வெச்சுப் படுக்கல. டீச்சர் பாத்ரூம்ல வழுக்கி இடுப்பு ஒடைஞ்ச அன்னிக்குத்தான் வந்தா, தோள்ல துணி மூட்டையோட.

அக்கா போன்ல, "உன்னால முடியாதுடி. நல்ல நர்ஸா பாத்து நான் அனுப்பறேன்"னா.

"அனுப்புக்கா, அனுப்பு. அவ வர்ற வரைக்கும் அம்மா ஈரத்துலயே கிடக்கட்டுமா?"

நர்ஸ் வரவே இல்ல. கட்டிலை ஹாலுக்கு இழுத்துப் போட்டாங்க. டியூஷன் நிக்கல. "படுத்தது இடுப்புதானே, வாயா படுத்துச்சு?"ன்னுட்டாங்க டீச்சர். பசங்க வந்து போக, சின்னவ தொடச்சா, ஊட்டினா, முதுகு புண்ணாகாம இருக்க அப்பப்போ புரட்டிப் படுக்க வெச்சா. அவளுக்கு வேண்டியது ஒண்ணே ஒண்ணு. அந்த வாயால, ஒரே ஒரு தடவ, அக்காவை விட நீ ஒரு படி மேலன்னு வரணும். வாய் விட்டுக் கேக்க மட்டும் மானம் எடம் குடுக்கல.

ஒரு சாயங்காலம் அந்தப் பாடம் வந்துச்சு.

"சின்னவளே, வந்து நில்லு."

கையில சோப்பு நுரையோட வந்து பழைய எடத்துல நின்னா. பக்கத்துல சுவரு மட்டுந்தான். பசங்க கத்தத் தயாரா ஒக்காந்திருந்துச்சுங்க. டீச்சர் அவளைப் பாத்தாங்க, அந்தக் காலி எடத்தைப் பாத்தாங்க. அப்புறம், "இன்னிக்கு இது போதும், எல்லாரும் கெளம்புங்க"ன்னு சொல்லிட்டாங்க.

ஹால் காலியானதும் சின்னவளுக்கு அடக்க முடியல. அம்மா கொரலையே எடுத்தா. "ஏன் நிறுத்திட்டீங்க டீச்சர்? எப்பவும் போல ஆரம்பிங்க. ஸ்லோவர், லேசியர்…" கொரல் பாதியில ஒடைஞ்சு, அவளோட சொந்தக் கொரலாயிடுச்சு. "ஒரு தடவயாவது மாத்திச் சொல்லேம்மா."

அன்னிக்கு ராத்திரி டீச்சருக்கு நெஞ்சுல சளி கட்டிக்கிச்சு. பொழுது விடியறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுது. அதனால சாயங்காலம் அவ கேட்டதுக்கு, அந்த ஈரக்கையைப் பாத்து டீச்சர் சொன்னதுதான் கடைசிப் பேச்சு:

"என் கொரல்ல என்னையே மெரட்டுறியாக்கும்? எடை போடணும்னா ரெண்டு பக்கமும் ஆள் நிக்கணும்டி. இங்க நிக்கிறது நீ ஒருத்திதான். உன்னை யாரோட வெச்சுப் பாக்கச் சொல்ற? போ, போய் அந்தக் கையைத் தொடச்சிட்டு வந்து என்னைப் புரட்டி விடு, முதுகு எரியுது."