புல்மேட்டுச் சூடு

அவர் லிஃப்ட் மெக்கானிக். வாரம் முழுக்க இருட்டுக் குழிகளுக்குள் கிரீஸும் இரும்புக் கயிறுமாகக் கிடப்பவர், விடுமுறை வந்துவிட்டால் வீடு தங்கமாட்டார். நகரத்தைச் சுற்றியுள்ள ஏரிக்கரை, ஆற்றோரப் பூங்கா, புதர்க்காடு என்று எங்காவது பஸ் பிடித்துப் போய்விடுவார். கல்யாணமான புதிதில் மனைவியும் கூடப் போனாள். ஓர் அட்டை கடித்ததோடு பெரிய கும்பிடாகப் போட்டுவிட்டாள். சொந்தக்காரர்கள் அவருக்கு 'சுற்றுலாத் துறை' என்று பெயர் வைத்துவிட்டார்கள். எந்த விசேஷத்துக்குப் போனாலும், சுற்றுலாத் துறை வந்தாச்சா, இல்லை ஏதாவது மரத்தை முறைத்துக்கொண்டு நிற்கிறதா என்றுதான் விசாரிப்பார்கள். அவர் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்.

மனைவியின் தம்பி செருப்புக்கடை வைத்திருந்தான். நாளெல்லாம் முக்காலியில் உட்கார்ந்தே தொப்பை போட்டிருந்தான். டாக்டர் நடக்கச் சொன்னதும், அக்காக்காரி அவனை இவர் தலையில் கட்டிவிட்டாள். வழி நெடுகப் புலம்புவான், ஆனால் ஒரு வாரம்கூடத் தவறமாட்டான்.

அந்த வருஷம் நகரத்தின் எல்லையில் புதிதாக ஒரு பூங்கா திறந்தார்கள். ஒரு காலத்தில் குப்பை கொட்டிய இடம் அது. மலையாய்க் குவிந்ததன் மேல் மண்ணைப் போட்டு, புல் பதித்து, வளைவு வளைவாகப் பாதை போட்டிருந்தார்கள். உச்சியில் நின்றால் நகரமே தெரியும்.

முதல் தடவை போனபோது நல்ல பனி. புல்லெல்லாம் நனைந்து கிடக்க, சரிவில் ஓர் இடம் மட்டும் காய்ந்திருந்தது. அதில் தெருநாய்கள் கும்பலாகச் சுருண்டு தூங்கின.

"நாய்ங்களுக்கு ஹீட்டர் போட்டு வெச்சிருக்காங்க மாமா," என்றான் மைத்துனன்.

அவர் குனிந்து உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். காய்ச்சல்கார உடம்பைத் தொட்டது போலிருந்தது. கையை எடுத்த பிறகும் அந்தச் சூடு போகவில்லை. வாசலில் இருந்த காவலாளியிடம் சொன்னார். வெயில் பட்டிருக்கும் என்றார் காவலாளி. வெயிலே இன்னும் வரவில்லையே என்று இவர் கேட்டதற்கு, மேலிடத்தில் சொல்லிவிடுகிறேன் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அடுத்தடுத்த வாரங்களில் அந்த இடம் அகலமானது. நட்டிருந்த கன்றுகள் ஒரு பக்கமாய்க் கருகின. பெஞ்சு ஒன்று லேசாகச் சாய்ந்தது. மூச்சை இழுத்தால் ரப்பர் கருகிய வாடை தொண்டையில் ஒட்டியது. யாரோ சுற்றிலும் கயிறு கட்டியிருந்தார்கள், ஏன் என்று எழுதி வைக்கவில்லை. குளிருக்கு இதமாயிருக்கிறது என்று கயிற்றைத் தாண்டி ஜமுக்காளம் விரித்து உட்கார்ந்தார்கள் ஜனங்கள். எழுந்து வாருங்கள் என்று இவர் சொல்லிப் பார்த்தார். உங்களுக்கு என்ன வந்தது என்பது போலப் பார்த்தார்கள்.

பிறகு ஒரு காலையில் போனபோது நாய்கள் ஒன்றுகூட இல்லை. அவர் கயிற்றுக்கு இப்பாலேயே நின்றுவிட்டார்.

"திரும்பிடலாம் மாப்ள. இன்னிக்கு இங்க வேண்டாம்."

"ஒரே ஒரு போட்டோ மாமா. பொண்ணு கேட்டா," என்று அவன் கயிற்றைத் தாண்டினான்.

சத்தமே இல்லை. பேசிக்கொண்டிருந்தவன் பாதி ஆளாகிவிட்டான். தொடை வரை ஒரு கால் உள்ளே போயிருந்தது. சுற்றிலும் புல்தரை விரிசல் விட்டு, சாம்பல் நிறப் புகை மெதுவாக எழுந்தது. அவன் முதலில் அசட்டுத்தனமாகச் சிரித்தான். அப்புறம்தான் அலறினான்.

அவர் பெல்ட்டை உருவிக்கொண்டு குப்புறப் படுத்து ஊர்ந்தார். சட்டைக்குள் நெஞ்சு சுட்டது. பெல்ட்டின் நுனி அவன் கைக்கு எட்டியதும் உயிரைக் கொடுத்து இழுத்தார். கால் வந்தது, செருப்பு வரவில்லை. குழிக்குள் எட்டிப் பார்த்தார். அடியில், பழைய குப்பைக்குள், காற்று படும்போதெல்லாம் செக்கச் செவேலென்று ஏதோ கண் திறந்து மூடியது.

அவனுடைய முன்பாதத்தை எடுக்கவேண்டியதாயிற்று. ஆஸ்பத்திரியில் நினைவு வந்ததும், கடையிலேயே நல்ல ஜோடி போச்சு மாமா என்று சிரிக்கப் பார்த்தவன், சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். மனைவி தம்பியின் போர்வையைச் சரிசெய்துவிட்டு அவரைத் தாண்டிப் போனாள். திட்டித் தீர்த்திருந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு. பூங்காவைப் பூட்டி, 'பராமரிப்புப் பணி' என்று பலகை மாட்டினார்கள். தீயணைப்பு வண்டிகள் வந்து தண்ணீர் அடித்தன. புகை அங்கே அடங்கி வேறு பக்கம் கிளம்பியது.

மழைக்காலம் முடிந்த சமயம், அந்த மேட்டின் அடிவாரத்தில் இருந்த அடுக்குமாடிக் குடியிருப்பிலிருந்து அவரைக் கூப்பிட்டார்கள். லிஃப்ட் அடிக்கடி நின்றுவிடுகிறதாம். லிஃப்ட் குழிக்குள் இறங்கியபோதே அதே ரப்பர் வாடை அடித்தது. கேபிள்களின் உறை இளகிப் பிசுபிசுத்தது. தரையில் கை வைக்கவே தேவையிருக்கவில்லை, பூட்ஸின் அடி வழியாகவே சூடு தெரிந்தது.

மேலே ஏறி மின்சாரத்தை நிறுத்தினார். தரைத்தளத்திலிருந்து தொடங்கி ஒவ்வொரு கதவாகத் தட்டினார். தரை ஏன் இப்படி வெதுவெதுன்னு இருக்குன்னு நாங்களும் பேசிக்கிட்டோம் என்றாள் கைக்குழந்தைக்காரி ஒருத்தி. பிள்ளை அந்தத் தரையில்தான் தவழ்ந்துகொண்டிருந்தது.

"தூக்கும்மா. தூக்கிக்கிட்டு உங்க அம்மா வீட்டுக்குப் போயிடு," என்றார்.

அன்று சாயங்காலமே அவள் கிளம்பினாள். இன்னொரு குடும்பமும் வண்டி பிடித்தது. மற்றவர்கள் படிக்கட்டில் கூடி, மேட்டுக்குள் எரியும் தீ கட்டடத்துக்கு அடியில் வந்துவிட்டது என்று அவர் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார்கள். கேட்டு முடித்து, லிஃப்ட் எப்போது ஓடும் என்று விசாரித்தார்கள்.