சுவருக்கு வேப்பிலை அடித்த ஆவணி

திருநின்றவூரில் எங்கள் வீடும் என் மனைவியின் அண்ணன் வீடும் எதிரெதிரே. இரண்டு வருடமாக, அடித்த கலரெல்லாம் ஐப்பசி மழையோடு சாக்கடைக்குப் போனது. எண்பதுகளின் கடைசியில் ஓர் ஆவணியில், மச்சானும் நானும் ஒரே கடையில் ஒரே மஞ்சள் சிமெண்ட் பெயிண்ட் வாங்கினோம்.

மச்சான் ஆள் வைத்து அடித்தார். எனக்குப் பெயிண்டரிடம் பேசக் கூச்சம், அதனால் நானே அடித்தேன். யாரையும் விவரம் கேட்கவும் கூச்சம். அதனால் டப்பாவில் இருந்த பொடி எழுத்தை நாலு முறை படித்தேன். அடிக்கும் முன் சுவரை நனைக்க வேண்டும், சுடும் வெயிலில் அடிக்கக் கூடாது, அடித்த மறுநாளிலிருந்து நாலு நாள் தண்ணீர் தெளிக்க வேண்டும் என்று இருந்தது. புதுச் சிமெண்ட் பூச்சு இறுகத் தண்ணீர் விடுகிற மாதிரிதான்.

குடத்தோடு ஊற்றினால் கலர் வழிந்துவிடும் என்று பயந்து, ஒரு வேப்பங்கொத்தை ஒடித்து வாளியில் தோய்த்துத் தெளித்தேன். மச்சான் வாசலில் வந்து நின்றார்.

"இன்னா மாப்ளே, செவுத்துக்குப் பேய் புடிச்சிக்கீதா? வேப்பில அடிச்சிகினு கீற?"

தெருவே சிரித்தது. நான் தெளித்துக்கொண்டே இருந்தேன்.

"ஊர்ல அவன் அவன் காயணும்னு வேண்டிகினு கீறான், நீ நனைக்கிறியே. கார்த்திகை தீபம் வரைக்கும் உன் கலர் நின்னா என் மீசைய எடுத்துர்றேன். நிக்கலைன்னா நீ எடுத்துடு. சரியா?"

வெட்கத்தில் தலை தானாக ஆடிவிட்டது. பந்தயம் முடிவாகிவிட்டது. கூச்சக்காரனுக்கு முகத்தில் ஒளிந்துகொள்ள மீசை ஒன்றுதான் இடம். நான் வேலை பார்த்த அம்பத்தூர் கம்பெனியில் அது இல்லாமல் போய் நிற்பதை நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை.

மச்சான் தன் சுவரில் தூறல்கூடப் படாமல் ஒரு வாரம் தார்ப்பாய் கட்டினார்.

"டப்பாவுல இருக்கறத அண்ணங்கிட்ட சொல்லலாமில்ல?" என்றாள் மனைவி.

"கூச்சமா கீது" என்றேன். அது பாதி உண்மை.

மழை வந்து ஏரி நிரம்பியது. தினமும் காலையில் முகம் கழுவும் முன் சுவரைப் போய்ப் பார்த்தேன். மஞ்சள் அசையவில்லை.

தீபத்தன்று காலை மச்சான் தெருவைக் கடந்து வந்தார். இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு எங்கள் சுவரில் உள்ளங்கையைத் தேய்த்தார். ஜன்னலுக்குப் பின்னால் நின்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். கையைப் பார்த்தார். இன்னும் அழுத்தித் தேய்த்தார். நகத்தால் சுரண்டியும் பார்த்தார். கை சுத்தமாகவே இருந்தது.

கோலம் போட வந்த என் மனைவி, "அண்ணாத்தே, கொஞ்சம் திரும்பு" என்றாள். "முதுகெல்லாம் மஞ்சளா கீது. உங்க ஊட்டுச் செவுத்துல சாஞ்சிகினு இருந்தியா?"

அந்த ஞாயிற்றுக்கிழமை மச்சான் மீசை இல்லாமல் வந்தார். சலூன்காரன் கை தவறிவிட்டதாகத் தெருவுக்குச் சொன்னார். நான் தலையாட்டி ஆதரித்தேன்.

அடுத்த ஆவணியில் ஒரு காலை, எதிர் வீட்டில் சளக் சளக் என்று சத்தம். வளர்ந்துவிட்ட மீசையோடு மச்சான், லுங்கியை மடித்துக் கட்டி, வேப்பங்கொத்தால் சுவரை அடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினார்.

"மாப்ளே, எத்தினி நாளு அடிக்கணும்?"

வாய் திறக்கக் கூச்சமாக இருந்தது. டப்பாவில் இருந்த நாலை மறந்தவன் போலப் பத்து விரலையும் விரித்துக் காட்டினேன்.