முந்நூறு அக்காவும் நாலடிப் படமும்

அச்சகத்தில் அவளுக்கு முந்நூறு அக்கா என்று பெயர். வருகைப் பதிவேட்டில் வேறொரு பெயர் உண்டு, ஆனால் அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள். புத்தகங்களுக்குப் பக்கம் அமைப்பது அவள் வேலை. யார் என்ன படம் கொண்டுவந்தாலும், அது அழகாயிருக்கிறதா என்று பார்ப்பதற்கு முன்னால், "அங்குலத்துக்கு முந்நூறு புள்ளி இருக்கா?" என்று கேட்டுவிடுவாள். பட்டம் தானாக வந்து ஒட்டிக்கொண்டது.

கணினியில் படம் என்பது எண்ணி வைத்த புள்ளிகள்தான். குறுக்கே தொள்ளாயிரம் புள்ளி இருந்தால் புத்தகத்தில் மூன்று அங்குல அகலத்துக்குப் போடலாம். அதையே ஆறு அங்குலமாக இழுத்தால் மூக்கு எங்கே முடிகிறது, கன்னம் எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியாது. இது அவளுக்கு வேதவாக்கு. இதற்காக யாரிடமும் மல்லுக்கு நிற்பாள்.

ஒரு கவிஞர் கட்டைவிரல் நகமளவு படத்தைக் கொடுத்து, பின்னட்டை முழுக்கத் தன் முகம் வரவேண்டும் என்றார்.

"குறுக்கே மொத்தமே இருநூறு புள்ளி சார். முக்கால் அங்குலம்கூட வராது."

"கொஞ்சம் இழுத்து விடுங்களேன்."

"கைக்குட்டைய இழுத்தா போர்வை ஆயிடுமா சார்?"

கவிஞர் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு படியிறங்கினார். அவருடைய அடுத்த தொகுப்பில் கைக்குட்டையைப் பற்றி ஒரு காட்டமான கவிதை இருந்தது. அதற்கும் பக்கம் அமைத்தது அவள்தான்.

இன்னும் சில கெட்டிக்காரர்கள் வருவார்கள். மென்பொருளில் புள்ளி எண்ணிக்கை காட்டும் கட்டத்தில் எழுபத்திரண்டை அழித்துவிட்டு முந்நூறு என்று தட்டி, "இப்ப சரியா?" என்று பல்லைக் காட்டுவார்கள். "இல்லாத புள்ளிய கம்ப்யூட்டர் எங்க போய் வாங்கிட்டு வரும்? பக்கத்துப் புள்ளியப் பாத்துக் கதை கட்டும், அவ்வளவுதான்" என்பாள். கழுத்தில் தொங்கும் லென்ஸை எடுத்து அச்சான தாளின் மேல் வைத்து, கதை கட்டிய இடங்களை ஒவ்வொன்றாகக் காட்டுவாள். வந்தவருக்கு ஏன் வந்தோம் என்று ஆகிவிடும்.

அந்த லென்ஸ் வீட்டுக்கும் வரும். மாத்திரை அட்டை, பால் பாக்கெட், மகளின் பள்ளிச் சான்றிதழ் எதையும் விடமாட்டாள். சான்றிதழில் பள்ளியின் சின்னம் மங்கலாக அச்சாகியிருந்ததால், மகள் முதலிடம் வாங்கியதைப் பாராட்ட அரைமணி நேரம் ஆயிற்று.

அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். அதிகம் பேசமாட்டார். மாட்டிக்கொண்டவர்களை வெளியே எடுத்து எடுத்துப் பொறுமை ஊறிப்போன மனிதர். அவருக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. கல்யாணப் படத்தை ஹாலில் பெரிதாக மாட்டவேண்டும்.

அங்கேதான் சிக்கல். கல்யாணம் பதிவாளர் அலுவலகத்தில் நடந்தது. ஏற்பாடு செய்திருந்த ஸ்டுடியோக்காரர் முகவரி மாறிப்போய் வேறு யாருடைய கல்யாணத்தையோ முழுக்கப் படமெடுத்துவிட்டு, மாப்பிள்ளை வேறு ஆளாயிருக்கிறாரே என்று கடைசியில்தான் யோசித்தார். சாட்சிக் கையெழுத்துப் போட வந்த நண்பன் புதிதாக வாங்கிய செல்போனில் ஒரே ஒரு படம் எடுத்தான். அந்தக் காலத்துச் செல்போன். குறுக்கே அறுநூற்று நாற்பது புள்ளி.

இரண்டு அங்குலத்துக்குச் சற்று மேல் வரும் என்று அவள் கணக்குப் போட்டாள். அந்த அளவுக்கே அச்சடித்து, பீரோக் கதவின் உள்பக்கம் ஒட்டினாள். புடவை எடுக்கும்போது தெரியும். ஒவ்வொரு கல்யாண நாளுக்கும் அவர் கேட்பார், "இந்த வருஷமாவது பெரிசாப் போடலாமா?" அவள் சொல்வாள், "புள்ளி பத்தாதுங்க." இப்படியே இருபத்தோரு வருடம் ஓடிவிட்டது.

இந்த வருடம் அவர் கேட்கவில்லை. நேராக ஒரு பேனர் கடைக்குப் போய், நாலடி அகலம், மூன்றடி உயரத்துக்கு அச்சடித்துச் சட்டம் போட்டு வாங்கிவந்து, ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் மட்டப்பலகை வைத்துப் பார்த்து மாட்டிவிட்டார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வேலைவிட்டு வந்தவள் கையில் பையோடு அப்படியே நின்றாள்.

அவர்களுடைய ஹால் பத்தடி. கதவைத் திறந்தால் மூக்கு முட்டுகிற மாதிரி படம். அவள் முகம் பழுப்பும் மஞ்சளுமாகச் சதுரம் சதுரமாக, குளியலறைத் தரைமாதிரி இருந்தது. கை தானாக லென்ஸுக்குப் போயிற்று. போதாக்குறைக்கு ஒரு பென்சிலை எடுத்து ஓரத்தில் கணக்கும் போட்டாள்.

"அங்குலத்துக்குப் பதிமூணு. பதிமூணுதாங்க இருக்கு. ஊர் சிரிக்கும். கழட்டிடுங்க."

அவர் கருவிப் பெட்டியை மூடினார்.

"புள்ளி பத்தலைன்னு இருபத்தோரு வருஷமா சொல்றே. என் மூஞ்சி பக்கத்துல நிக்கிறது பிடிக்கலைன்னா அதையே சொல்லிடு. ஞாயித்துக்கிழமை கழட்டிடறேன்."

அவளுக்குச் சுருக்கென்றது. அப்படியெல்லாம் இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள். ஆனால் அதற்குள் அவர் மாடிப்படியில் பாதி இறங்கியிருந்தார். அடுத்த நாள் முழுக்க வீட்டில் தேவைக்கு மட்டும்தான் பேச்சு. உப்பு எங்கே, சாவி எங்கே. இரண்டு வார்த்தை பேசுகிற மனிதர் ஒரு வார்த்தைக்கு வந்துவிட்டால் வீடு எப்படியிருக்கும் என்று அவள் அன்றைக்குத்தான் பார்த்தாள். சமாதானமாக ஏதாவது சொல்லலாம்தான். ஆனால் அந்தச் சதுரங்களைப் பார்த்ததும் நாக்கு உள்ளே போய்விடும். நன்றாயிருக்கிறது என்று பொய் சொல்ல அவளால் முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை அவர் ஸ்குரூ டிரைவரும் கையுமாக ஸ்டூலில் ஏறும்போது வாசலில் யாரோ தட்டினார்கள். சந்துக்கு அந்தப் பக்கம் எதிர்மாடியில் குடியிருக்கும் நர்ஸம்மா.

"ஐயோ, அதக் கழட்டாதீங்க தம்பி. ரெண்டு நாளா ராத்திரி டூட்டி முடிஞ்சு வந்து காலைல காப்பி குடிக்கும்போது அதைத்தான் பாத்துட்டிருக்கேன். என்ன தெளிவு. எந்த ஸ்டுடியோல எடுத்ததுன்னு கேக்கத்தான் வந்தேன்."

குத்திக்காட்டுகிறாள் என்று முந்நூறு அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"தெளிவாங்க? பக்கத்துல வந்து பாருங்க."

நர்ஸம்மா உள்ளே வந்து பார்த்தாள். கண்ணைக் கசக்கிக்கொண்டாள். "இது அந்தப் படம் இல்லையே" என்றாள். பிறகு, "நீங்க என் வீட்டுக்கு வாங்க, காட்டறேன்" என்று இருவரையும் கையோடு கூட்டிக்கொண்டு போனாள். கிளம்பும்போது ஹாலில் டியூப்லைட்டைப் போடச் சொன்னாள்.

எதிர்மாடி பால்கனியில் நின்று திரும்பிப் பார்த்தபோது முந்நூறு அக்கா கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

சந்துக்கு அப்பால், திறந்த ஜன்னலுக்குள், சுவர் நிறையக் கல்யாணம் நடந்துகொண்டிருந்தது. சதுரம் ஒன்றுகூட இல்லை. சந்து பத்தடி, ஹால் பத்தடி, ஆக இருபதடி. தலைக்குள் கணக்கு ஓடியது. புத்தகம் கையில் பிடித்துப் படிக்கிற பொருள், கண்ணுக்கும் தாளுக்கும் ஒரு அடிதான். அந்த முந்நூறு அந்த ஒரு அடிக்குச் சொன்னது. இருபதடிக்குப் பதினைந்தே போதும்; பதிமூன்று ஏறக்குறைய அதுதான். இத்தனை வருடம் புத்தகமே கதியென்று கிடந்ததில், தள்ளி நின்று பார்ப்பது என்று ஒன்று இருப்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது.

கணக்கு முடிந்த பிறகுதான் அவள் படத்தைப் பார்த்தாள். அதில் அவள் நேராகக் கேமராவைப் பார்த்து, புருவத்தை நெறித்துக்கொண்டு நின்றாள். அவர் பார்க்கவில்லை. தலையைச் சாய்த்து, வாய் லேசாகத் திறந்திருக்க, அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க கேமராவைப் பாக்கவே இல்லையே" என்றாள்.

"அவன் ஒண்ணு ரெண்டு மூணு சொன்னானாம். எனக்குக் காதுல விழல."

இருபத்தோரு வருடம் அந்தப் படத்தில் புள்ளி எண்ணியிருக்கிறாளே தவிர, இந்த மனுஷன் எங்கே பார்க்கிறார் என்று ஒருநாளும் பார்த்ததில்லை. அவளுக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடச் சந்தோஷம் அதிகமாக இருந்தது. அவர் கையிலிருந்த ஸ்குரூ டிரைவரை வாங்கித் தன் பக்கம் வைத்துக்கொண்டாள்.

நர்ஸம்மா காப்பி கலக்க உள்ளே போகத் திரும்பினாள்.

"அம்மா," என்றாள் முந்நூறு அக்கா, "ஞாயித்துக்கிழமைக்கு மட்டும் இங்க ரெண்டு நாற்காலி போட்டுக்கட்டுமா?"