சாயத்தண்ணீர்

பாங்காக் ஓட்டலில் இனிப்பு செய்யும் வேலைக்குப் போகப்போகிற என் மகள், கைபேசியில் தாய்லாந்துச் சொற்களை உரக்கப் படித்துக்கொண்டிருந்தாள்.

"ம்மா, புட்டிங்க அவங்களும் புட்டிங்னுதான் சொல்றாங்க. அடுத்த இங்கிலீஷ் வார்த்தை 'படில்'. தேங்கி நிக்கிற தண்ணியாம். அவங்க பாஷையில 'ஏங் நாம்'."

ஆரணியில் எங்கள் தெருமுனைச் சாயப்பட்டறைக்கு வெளியே எப்போதும் தண்ணீர் தேங்கி நிற்கும். எந்த நிறப் பட்டுக்குச் சாயம் போட்டார்கள் என்று அதைப் பார்த்தே சொல்லிவிடலாம். அன்று அரக்குச் சிவப்பு. அப்போது எனக்கு ஏழு வயது. இங்கிலீஷ் பாடப்புத்தகத்தில் படமாக மட்டுமே பார்த்த புட்டிங்கைச் செய்தேன். அந்தத் தண்ணீரை இரு கையாலும் அள்ளி, கொட்டாங்குச்சியில் மண்ணோடு குழைத்து, "புட்டிங்கு, சாப்புடு" என்று தங்கச்சி கலாவிடம் நீட்டினேன். அக்கா கொடுத்ததாயிற்றே, மீதி வைக்காமல் தின்றாள்.

பொழுது சாய்வதற்குள் அவளுக்கு வாந்தி தொடங்கியது, நிற்கவே இல்லை. ஆஸ்பத்திரிக்குத் தூக்கி ஓடுமுன் அம்மா அவள் வாயை நன்றாகக் கழுவிவிட்டாள்.

"கொழந்த என்னம்மா சாப்ட்டுச்சு?" என்றார் டாக்டர்.

"ரசம் சோறுதாங்க."

சொல்லிக்கொண்டே என் சிவந்த கைகளை இழுத்துத் தன் முந்தானைக்குள் மூடிக்கொண்டாள். கலா வீடு திரும்பவில்லை. அம்மா சாகும்வரை அதைப் பற்றிப் பேசவுமில்லை.

"ம்மா," என்றாள் மகள், கைபேசியிலிருந்து நிமிர்ந்து. "எதுக்குக் கைய முந்தானையில சுத்திகினு இருக்கே?"