கீழ்பென்னாத்தூர் தாண்டாத பிளான்

நான் இருக்கும் இந்த ஜெர்மானிய நகரத்தில் பேருந்து நான்கு நிமிடம் தாமதமானால் நிறுத்தத்தில் சாவு வீட்டு அமைதி வந்துவிடுகிறது. மின்பலகையில் நான்கு என்ற எண் தெரிந்ததும் ஒரு பெண்மணி பெருமூச்சு விடுவார். தொப்பி போட்ட பெரியவர் ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார், பிறகு என்னைப் பார்ப்பார், ஏதோ நான்தான் வழியில் பேருந்தை நிறுத்தி ஓட்டுநரை டீ குடிக்க இறக்கிவிட்டதுபோல. அவர் மீது எனக்குக் கோபமில்லை. உலகத்தில் எது தாமதமானாலும் அதில் எனக்கு ஒரு பங்கு இருக்கிறது என்று நானே நம்புகிறவன். என் அப்பா திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர். எந்த வண்டி எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்குப் புறப்பட்டது என்று முப்பது வருடம் எழுதி, விசில் ஊதி அனுப்பியவர். அவருக்குப் பிள்ளையாக நான் பிறந்தேன். கடிகாரத்துக்கு ஆமை பிறந்த கதை அது.

ஊரில் கட்டிடக்கலை படித்துக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளுக்கு நேர நிர்வாகம் பற்றி உருப்படியாக ஏதாவது எழுதும்படி ஒரு நண்பர் கேட்டார். கேட்டவருக்கு என்னைத் தெரியாது. ஆனால் இங்கே பல்கலைக்கழகத்திலும் அதே தவறு நடந்திருக்கிறது. எங்கள் ஸ்டுடியோவை நடத்தும் பிரிகிட்டே அம்மையார் என் கால அட்டவணையைப் பார்த்து மயங்கிவிட்டார். ஏழு வண்ணம், கால் மணிக்கு ஒரு கட்டம். முதலாண்டு மாணவர்களுக்கு நேரத்தைத் திட்டமிடச் சொல்லித்தரும் வேலையை என்னிடமே கொடுத்துவிட்டார். அந்த அட்டவணையைத் தயாரிக்க எனக்கு இரண்டு நாள் ஆனது, அந்த இரண்டு நாளில் செய்திருக்க வேண்டிய வேலைதான் அட்டவணையின் முதல் கட்டம் என்பதையெல்லாம் நான் சொல்லவில்லை. இருபத்தைந்து நிமிடம் வேலை, ஐந்து நிமிடம் ஓய்வு என்று பலகையில் எழுதிப் போடுகிறேன். பிள்ளைகள் பக்தியோடு குறித்துக்கொள்கிறார்கள்.

அட்டவணையின் கடைசி வரிசைக்கு வண்ணம் கிடையாது. 'வீடு' என்று தமிழில் மட்டும் எழுதியிருக்கும். வாரா வாரம் அதில் செலவான நேரம் பூஜ்யம்.

திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் அப்பா முப்பதுக்கு நாற்பதில் ஒரு மனை வாங்கியிருந்தார். நான் சென்னையில் இறுதி ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். ஏழுமலை மேஸ்திரி ஒரே சாயங்காலத்தில் பிளான் போட்டுத் தருவதாகச் சொன்னபோது, "எம் பையனே ஆர்க்கிடெக்ட்டு, நீ சும்மா இரு" என்று அப்பா மறுத்துவிட்டார். தை மாத வாஸ்து நாளில் பூமி பூஜை என்று முடிவானது. பிறகு போனில் தினமும் ஒரே விசாரணைதான்.

"என்னாடா, பிளான் எந்த ஸ்டாப்ல நிக்குது?"

"தாம்பரம் தாண்டிடுச்சுப்பா."

"நேத்தும் தாம்பரம்தான சொன்ன? டயர் பஞ்சரா?"

தை போனது. "சரி வுடு, மாசில ஒரு நாள் கீது" என்றார். மாசியும் போனது. அதற்குள் என் பிளான் திண்டிவனம், செஞ்சி என்று வாயாலேயே பயணம் செய்துகொண்டிருந்தது. தாளில் இருந்தது என்ன தெரியுமா? வடக்கைக் காட்டும் அழகான அம்புக்குறி ஒன்று. பின்பக்கத் தோட்டத்தில் இலை இலையாக வரைந்த மூன்று மரங்கள். மரத்தடியில் நாயோடு நடக்கும் ஒரு மனிதன். வீடு மட்டும் இல்லை. கட்டிடக்கலை மாணவர்களுக்கு நான் சொல்லும் ஒரே உண்மையான அறிவுரை இதுதான்: முதலில் மரம் வரையாதீர்கள். மரம் வரையும்போது வேலை செய்வதுபோலவே இருக்கும்.

அப்பா திட்டியதில்லை. ஒரே ஒரு தடவை சொன்னார். "பஸ்ஸு லேட்டா வரலாம்டா, ரோடு அப்பிடி. வந்துட்டேன் வந்துட்டேன்னு சொல்லிட்டு வராம இருந்தாத்தான் நிக்கிறவனுக்குக் காலு வலிக்கும்." அன்று வெட்கத்தில், "கீழ்பென்னாத்தூர் வந்துடுச்சுப்பா" என்றேன். அதற்கப்புறம் நம் ஊர்தான். சிரித்தார். "அப்பிடியா? அப்ப நான் பஸ் ஸ்டாண்ட்லயே நிக்கிறேன்."

இரண்டு நாள் கழித்து, பங்குனியில், காலை டூட்டிக்குச் சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்தபடி உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. சென்னையிலிருந்து நான் பஸ்ஸில்தான் போனேன். திண்டிவனம் வந்தது. செஞ்சி வந்தது. கீழ்பென்னாத்தூரில் வண்டி நின்று ஆள் ஏற்றியபோது நான் தலையைக் குனிந்து இருக்கைக்கு அடியில் எதையோ தேடுவதுபோல் இருந்தேன்.

அந்த ஆவணி கடைசியில் மேற்படிப்புக்கு ஜெர்மனி வந்தேன். எட்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி வந்தும் அந்த நிறுத்தம் என்னோடு வந்துவிட்டது. பேருந்தில் அடுத்த நிறுத்தத்தின் பெயரை ஒரு பெண் குரல் ஜெர்மனில் அறிவிக்கும். அதற்கு அரை நொடி முன்னால், என் காதுக்கு மட்டும் அப்பாவின் விசில். எந்த ஸ்டாப்புடா? சக புலம்பெயர்ந்தவர்களே, உங்களுக்கு ஊரிலிருந்து ஊறுகாய் வருகிறது. எனக்கு டைம் கீப்பர் வருகிறார். விசா கேட்பதில்லை.

துக்கம் நடந்த வீட்டில் ஒரு வருடம் புது வேலை தொடங்க மாட்டார்கள். வருடம் முடிந்ததும் அம்மா போன் செய்தாள். "வைகாசில வாஸ்து நாள் வருது. அவரு ஆசப்பட்ட மாதிரியே நீ போட்டுக் குடுத்தாத்தான் கட்டுவேன். இல்லாட்டி மனைய வித்துடலாம்டா. தாண்டிப் போறப்பல்லாம் முள்ளுதான் தெரியுது. என்னால பாக்க முடியல." அதுவரை ஒத்திப்போட மாதங்கள் இருந்தன. இப்போது ஒன்றும் இல்லை.

அந்த வாரம் பிரிகிட்டே அம்மையார் என் அட்டவணையைச் சரிபார்த்தார். வண்ணமில்லாத வரிசையில் விரலை வைத்து, "இது யாருக்கான வேலை?" என்றார். அப்பாவை விட்டுவிட்டு, மனைக்கு அடியில் படுத்திருக்கும் வாஸ்து புருஷனைப் பற்றிச் சொல்லிவிட்டேன்.

"அவர் தூங்கிக்கொண்டே இருப்பார். வருடத்தில் எட்டு நாள்தான் விழிப்பார். அதுவும் ஒன்றரை மணி நேரம்."

"அந்த ஒன்றரை மணி நேரமும் உங்களுக்குத் தருவாரா?"

"இல்லை. பதினெட்டு நிமிடம் பல் துலக்குவார். பதினெட்டு நிமிடம் குளிப்பார், பதினெட்டு நிமிடம் பூஜை. பிறகு சாப்பாடு, வெற்றிலை. அந்தக் கடைசி முப்பத்தாறு நிமிடத்தில்தான் வேலையைத் தொடங்க வேண்டும்."

அம்மையார் சிரிக்கவில்லை. முப்பது வருடம் வாடிக்கையாளர்களோடு பழகியவர். அனுதாபத்தோடு என் தோளைத் தொட்டார். "கடினமான வாடிக்கையாளர். எனக்கும் இப்படி ஒருவர் இருந்தார். அவர் எழுவதற்கு முன்பே வரைபடம் மேசையில் இருந்தாக வேண்டும்."

மூன்று நாளில் முடித்தேன். இருபத்தைந்து நிமிடம், ஐந்து நிமிடம். என் பாடத்தை நானே முதல் தடவையாகக் கடைப்பிடித்தேன். இங்கே கற்றுக்கொண்ட கணக்கு ஒன்று உண்டு: ஓர் அறை வருடத்தில் எத்தனை மணி நேரம் பயன்படும் என்று பார்த்து, பயன்படாததை வெட்டிவிடுவது. வெட்டினேன். கச்சிதமான வீடு வந்தது.

வாஸ்து நாள் அங்கே முற்பகல். எனக்குக் காலை ஆறரை. சமையலறையில் போனைச் சுவரில் சாய்த்து வைத்திருந்தேன். திரையில் முள் வெட்டிய மனை, மஞ்சள் தடவிய செங்கற்கள், ஏழுமலை மேஸ்திரி கையில் என் பிளான். அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு அதை வாங்கிப் பார்த்தாள்.

"ரோட்டுப் பக்கம் ஜன்னல் கிட்ட இன்னா மேடை இது?"

"உக்கார்றதுக்கும்மா. அங்கேர்ந்து பாத்தா பஸ் போறது தெரியும்."

விரலால் பிளான் முழுக்கத் தடவித் தேடினாள். பிறகு கேட்டாள். "உன் ரூம் எங்க?"

வருடத்துக்கு இருபது நாள்கூட வரமாட்டேன், அந்த இருபது நாளுக்காக நூற்றுப் பத்து சதுர அடி வீண் என்று விளக்க ஆரம்பித்தேன். முதலாண்டு வகுப்பில் பேசும் அதே குரல். எனக்கே கேட்டது.

"போனவருக்கு உக்கார எடம் போட்டுக்கீற. இருக்கறவனுக்கு இல்லியா?"

மேஸ்திரி நெளிந்தார். "யம்மா, டைம் ஆவுது. வெத்தல போட்டு முடிச்சுட்டாருன்னா படுத்துக்குவாரு, அப்பறம் ஆடிதான்."

அம்மா கோலத்துக்குக் கொண்டுவந்திருந்த அரிசி மாவை அள்ளினாள். பின்பக்கம் போனாள். என் மூன்று மரங்கள் நிற்க வேண்டிய இடத்தில் குனிந்து, மாவை விட்டுக்கொண்டே நடந்தாள். "எத்தினி அடிடா வேணும் உனக்கு?" என்று திரும்பிப் பார்க்காமல் கேட்டாள். அங்கே ஐந்து வருடம், இங்கே ஒன்பது மாதம் கட்டிடக்கலை படித்தவன் நான். வாயில் ஓர் எண் வரவில்லை. அவளே நாலு பக்கமும் இழுத்துவிட்டாள். கோணல் சதுரம். மேஸ்திரி அதையும் சேர்த்து முளையடித்தார்.

பூஜை முடிந்ததும் நான் நிறுத்தத்துக்கு ஓடினேன். மின்பலகை நான்கு நிமிடம் என்றது. தொப்பிப் பெரியவர் கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பையில் போன் அதிர்ந்தது. அம்மா படம் அனுப்பியிருந்தாள். கீழே ஒரு வரி: 'கதவு வெக்கல. எந்தப் பக்கம்னு வந்து காட்டு. எப்ப வர்ற?'

'வந்துட்டேம்மா' என்று விரல் தானாகத் தட்டிவிட்டது. அழித்தேன்.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நாலு வெள்ளைக் கோடு, நடுவே செம்மண், கதவில்லாத என் அறை. அதன் ஒரு மூலையில் எறும்புகள் வந்து சேர்ந்திருந்தன. மாவைச் சுமந்துகொண்டு வரிசையாக, தாமதமில்லாமல், புறப்பட்டுக்கொண்டிருந்தன.