கைவைத்துப் பார்க்காத மூட்டு

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். நடந்தது நடந்ததுதான். 1997 ஜூலை 16, புதன்கிழமை, பட்டப்பகல். டாக்டர் ரகுநாதன் சத்தியம் செய்து சொன்னதை ஒரு வார்த்தை கூட்டாமல் சொல்கிறேன்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு இரும்பு வார்ப்புத் தொழிற்சாலைக்கு அவர்தான் டாக்டர். முழங்கால் வலி என்று யார் வந்தாலும் எக்ஸ்ரே எடுக்கச் சொல்வார். ஜன்னல் வெளிச்சத்தில் படத்தைத் தூக்கிப் பிடிப்பார். எலும்பு உடையவில்லையென்றால் ‘வேலைக்குத் தகுதி’ என்று எழுதிவிடுவார். எக்ஸ்ரேயில் எலும்புதான் தெரியும், மூட்டுக்குள் இருக்கும் சவ்வு தெரியாது. அது அவருக்குத் தெரியாதா என்ன? நன்றாகத் தெரியும். காலை மடக்கி, பாதத்தைத் திருப்பிப் பார்த்தால் சவ்வு கிழிந்திருப்பது கைக்கே அகப்படும். கிரீஸ் படிந்த காலைத் தொட அவருக்கு அருவருப்பு. அவ்வளவுதான்.

பிப்ரவரியில் கிரேன் ஓட்டும் கோவிந்தராஜ் வந்தான். வயது முப்பத்தொன்று.

“படி ஏறசொல்ல மூட்டு அப்டியே பூட்டிக்குது சார். ஒருக்கா கைய வெச்சுப் பாரு சார்.”

“எலும்பு நல்லா இருக்குப்பா. சும்மா நடிக்காம போய் வேலையைப் பாரு.”

மறுநாள் கிரேன் ஏணியில், முப்பதடி உயரத்தில், அவன் மூட்டு பூட்டிக்கொண்டது. கீழே விழுந்தவன் எழுந்திருக்கவில்லை. ரகுநாதன் அன்று மதியம் வழக்கம்போல் சாப்பிட்டார். எனக்கு இன்றைக்கும் அதுதான் ஆறவில்லை.

ஜூலையில் டாக்டருக்கே மூட்டு பூட்டியது. நாற்காலியிலிருந்து எழுந்தவர் வலது காலை நீட்ட முடியாமல் கால்மணி நேரம் அப்படியே நின்றார். எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை. சவ்வாகத்தான் இருக்கும், ஸ்கேனில் தெரிந்துவிட்டால் ஆபரேஷன் செய்து பழையபடி நடக்கலாம் என்று நம்பி, வானகரத்தில் புதிதாகத் திறந்திருந்த எம்.ஆர்.ஐ. சென்டருக்குப் போனார்.

2.40-க்கு மிஷினில் படுத்தார். ஸ்கேன் எடுக்கும் வனஜா அவர் முழங்காலைக் கூண்டு போன்ற ஒரு பெட்டிக்குள் வைத்துப் பட்டையால் இறுக்கினாள். கையில் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்தாள்.

“ஆடாதீங்க சார், ஆடினா படம் கலங்கிடும். கஷ்டமா இருந்தா இதை அமுக்குங்க, என்னன்னு மைக்ல கேட்பேன்.”

கதவு மூடியது. டக்... டக்... டக்... மிஷின் தட்ட ஆரம்பித்தது. தலை வெளியே இருந்ததால், வனஜாவின் அறைக் கண்ணாடிக்கு அப்பால் சுவர்க் கடிகாரம் தெரிந்தது.

2.51. சத்தம் நின்றது. அடுத்த படத்துக்கு முன்னால் அப்படி நிற்பது வழக்கம். ஆனால் அந்த அமைதியில் யாரோ மூச்சு வாங்கினார்கள். ஏணி ஏறி வந்தவனின் மூச்சு.

அப்புறம் கிரீஸ் வாடை... ஏ.சி. அறைக்குள்.

2.58. முழங்கால்மேல் ஒரு கை விழுந்தது. சொரசொரப்பான, சில்லென்ற கை.

அறையில் யாரும் இல்லை. வனஜா கண்ணாடிக்குப் பின்னால்தான் உட்கார்ந்திருந்தாள்.

அந்தக் கை அவர் காலை மடக்கியது. பட்டை இறுக்கியபடியே இருந்தது... கால் மடங்கியது. இன்னொரு கை பாதத்தைப் பிடித்து மெதுவாகத் திருப்பியது. அவர் எந்தத் தொழிலாளிக்கும் செய்யாத அதே சோதனை.

பந்தை அமுக்கினார்.

மைக்கில் யாரும் கேட்கவில்லை.

“இங்கயா சார்?” காதோரம் ஒரு குரல். “இல்ல... இங்கயா?”

டப்.

உள்ளே ஏதோ கிழிந்தது. கத்தினார். அமுக்கினார். அமுக்கினார்...

டக்... டக்... டக்...

3.22-க்கு வனஜா சிரித்த முகத்தோடு வந்தாள். “கொஞ்சங்கூட ஆடலை சார். படம் சுத்தமா வந்திருக்கு.”

படத்தில் சவ்வு முழுசாக இருந்தது. கால்தான் நீளவில்லை.

அன்றிலிருந்து அது நீளவே இல்லை. வேறு இரண்டு இடங்களில் மறுபடி ஸ்கேன் எடுத்தார். மூன்று படங்களும் ஒன்றுபோல் சுத்தம். ஆபரேஷன் செய்ய எந்த டாக்டரும் ஒப்புக்கொள்ளவில்லை. “ஒண்ணுமே இல்லாத மூட்டை எதுக்கு சார் திறக்கணும்?” என்று கேட்டார்கள். வலிக்கிறது என்று அவர் சொன்னதை வீட்டிலேயே ஒருவரும் நம்பவில்லை. வேலை போயிற்று. வளைந்த காலோடு ஆவடியில் மகள் வீட்டுக் கட்டிலில் கிடந்தார்.

டிசம்பரில் ஆட்டோ வைத்துக்கொண்டு வானகரத்துக்குப் போய் வனஜாவையே கேட்டார்.

“அத்தனை தடவை பந்தை அமுக்கினேனே. ஏம்மா நீ மிஷினை நிறுத்தலை?”

அவள் அவரை ஒரு மாதிரி பார்த்தாள்.

“ஒவ்வொரு தடவையும் மைக்ல கேட்டேனே சார். நீங்கதானே பதில் சொன்னீங்க.”

“நானா? என்ன சொன்னேன்?”

“‘எனுக்கு ஒண்ணியும் இல்லம்மா, சும்மா நடிக்கிறேன். நீ பாட்டுக்கு எட்த்துகினே இரு’ன்னு சொன்னீங்க சார்.”